பத்தொன்பது வினாடி சாட்சி

ஏழு கடலுக்கு அப்பால் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் என் அன்பு மகாராணிக்கு,

உடம்பு சுகம்தானே, வேளைக்குச் சாப்பிடுகிறாய்தானே. இங்கே நானும் உன் சித்தியும் நலம் என்று எழுத ஆரம்பித்தேன், அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "முதல் வரியே பொய்யா?" என்றாள், அதனால் அவள் நலம், நான் களைத்துப்போயிருக்கிறேன் என்று திருத்தி வாசித்துக்கொள். அவள் முழங்கால் வலி தேவலை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அந்தச் சொட்டுகளைச் சேர்த்தால் கப்பல் விடலாம், குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே கிழவராகிவிட்டார். உன்னைப் பெற்றவன் என் அண்ணன்தான் என்றாலும் வளர்த்த பாவம் என்னுடையது, ஆகவே இந்தச் செய்தியை நான்தான் சொல்லவேண்டும். தேர்தல் விளம்பரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு "சித்தப்பா, ஒரேயடியா ஸ்டார் ஆயிட்டீங்க" என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றி. போனில் சொன்னால் என் வாய் சும்மா இருக்காது, கதையை ஊதிவிடும். பேனாவுக்குக் கொஞ்சம் அடக்கம் உண்டு.

ஆஸ்பத்திரி டோக்கன் ஜன்னலில் நான் இருபத்தாறு வருஷமாக வீற்றிருந்து அரசாட்சி செய்வது உனக்குத் தெரியும். போன மாதம் கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள், ஆவணப்படம் எடுக்கிறோம் என்றார்கள், "கூட்டமெல்லாம் எப்படிங்க ஐயா?" என்று கேட்டார்கள். கேட்டது யாரிடம் பார். "கூட்டமா? வரிசை இங்க ஆரம்பிச்சு அடுத்த நாட்டு எல்லையில முடியுது. தொட்டில்ல டோக்கன் வாங்கின பிள்ளை தாத்தாவாகித்தான் டாக்டரைப் பாக்குது. போன வருஷம் வந்தவங்க இன்னும் உக்காந்திருக்காங்க, செத்தவங்களுக்கே இன்னும் நம்பர் வரல" என்று அடித்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள், இருமல்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி எனக்கு முன்னால் போகப் பார்த்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, நிஜத்தில் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும், காலையிலேயே வந்தால் அதுவும் ஆகாது, டாக்டரம்மா தங்கமானவர் என்றும் சொன்னேன். அதையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

விளம்பரத்தில் வந்தது "செத்தவங்களுக்கே இன்னும் நம்பர் வரல" என்ற வரி மட்டும். சிரிப்பை வெட்டிவிட்டார்கள். வண்ணத்தை உறிஞ்சிவிட்டு, பின்னால் ஒரு வயலினை அழவிட்டு, நான் மூச்சு வாங்கிய இடத்தில் முகத்தை மெதுவாக ஓடவிட்டு, ஏதோ கண்ணீரை விழுங்குகிறவன் மாதிரி ஆக்கி, கீழே "ஒரு நேர்மையான ஊழியரின் குமுறல்" என்று போட்டிருந்தார்கள். அடுத்து ஒரு இருட்டு வராந்தா, அது எங்கள் வராந்தாவே இல்லை. அதற்கடுத்து பளீரென்று வெயில், கட்சித் தலைவர், அவர் கையில் கொழுகொழுவென்று யார் பெற்ற பிள்ளையோ. எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது வினாடி. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை பார்த்தபோது எனக்கே என்மேல் பரிதாபம் பொங்கியது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார் என்று உன் சித்திதான் சொன்னாள். அணைத்துவிட்டுப் பார்த்தால் தும்மலுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி இருந்தேன். எதிர்த்தரப்பும் யோக்கியம் இல்லை, அதே ஆஸ்பத்திரியை விடுமுறை நாளில் படம் பிடித்து, காலி நாற்காலிகளைக் காட்டிப் புல்லாங்குழல் வாசித்தார்கள். ஒருவர் அழவைத்தார், ஒருவர் தாலாட்டினார், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எதிர்வீட்டுத் தையல்காரரை, எதைத் தைத்தாலும் முக்கால் இஞ்சு குறைத்துத் தைப்பாரே, அவரை ஆஸ்பத்திரியில் காணோம். கால்விரலில் சர்க்கரைப் புண், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருகிறவர், ஒன்பது நாளாக வரவில்லை. போய்ப் பார்த்தேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தார், வாசலிலேயே வாடை அடித்தது. ஏன் வரவில்லை என்றால் "நீங்கதானேண்ணே டிவியில சொன்னீங்க, செத்தவனுக்கே நம்பர் வரலன்னு. உயிரோட இருக்கற எனக்கு எங்க வரும்?" என்றார். அது தமாஷ் ஐயா என்றேன். "தமாஷுக்கா அழுதீங்க?" என்றார். இன்றைக்கு முப்பத்தெட்டு பேர், கடைசி ஆளுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் என்று, அலங்காரமே இல்லாமல், கடிகாரம் பேசுவது மாதிரிச் சொன்னேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு "யாரோ மிரட்டிட்டாங்க உங்கள. இல்லாட்டி நீங்க இப்பிடிப் பேச மாட்டீங்க" என்றார். என் பேச்சைப் பத்தால் வகுத்துக் கேட்கத் தெரிந்தவர், மகளே, அவர். ஆனால் வயலினை எதால் வகுப்பது? மூன்று நாள் நடையாய் நடந்தேன். நான்காம் நாள் அவர் மனைவியும் உன் சித்தியும் ஆளுக்கொரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கணுக்கால்வரை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. இரண்டு விரலோடு போயிற்று. போயிற்று என்று எழுதிவிட்டேன், அவர் தையல் மெஷினை மிதிக்கிற கால் அது.

நேற்று வார்டுக்கே வந்துவிட்டார்கள், இந்தத் தடவை எதிர்த்தரப்புக் கேமரா. கட்டுப் போட்ட காலைக் கிட்டத்தில் காட்டி, பக்கத்தில் நான் நின்று, என்னை ஏமாற்றிப் படம் எடுத்தார்கள் என்று சொல்லவேண்டுமாம். "ஒரே வரிதாங்க ஐயா, அதுவும் நிஜம்தானே" என்றார்கள். நிஜம்தான். என் வாயும் திறந்துவிட்டது. கட்டிலிலிருந்து "அண்ணே, மூடுங்க" என்று ஒரு அதட்டல். அப்புறம் அவர்களைப் பார்த்து, "ரெண்டு காலுக்கும் சேத்து இன்னும் எட்டு விரல் இருக்குது தம்பி. அது எனக்கு வேணும், நீங்க கெளம்புங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல் தடவை என்று எழுதக் கை துடிக்கிறது. மூன்றாவது தடவை இருக்கும். அவர்கள் போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எழுந்து போகவும் இல்லை.

நீ நன்றாக இருக்கவேண்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்கு நோய்நொடி வராமல் இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். அந்த விளம்பரத்தை யார் யாருக்கெல்லாம் பெருமையாக அனுப்பினாயோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் திரும்ப எழுது: எங்கள் சித்தப்பா அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார், காத்திருக்கும் நேரம் ஒன்றரை மணி. இதற்கு வயலின் கிடையாது, யாரும் ரசிக்க மாட்டார்கள். இருந்தாலும் எழுது.

ஆசிகளுடன்,
டோக்கன் ஜன்னல் சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா