பக்கத்து லேனில் நிற்கப்போகிறவனுக்கு

ஆரம்பாக்கம்,
புதன்கிழமை

அன்பு மகன் பீட்டருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் உன் தங்கச்சி மெர்சியும் நடமாட்டமாக இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், நம்பத்தான் முடியும், போனை எடுத்தால்தானே கேட்க முடியும். அன்றைக்கு நான் கத்தினேன், நீயும் கத்தினாய், அதோடு வைத்தவன் இன்னும் எடுக்கவில்லை. போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் பாதிப் பேச்சிலேயே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடுகிறது, அதனால்தான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கும்மிடிப்பூண்டியில் கொரியர் ஆபீஸ் மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, முழுதாகப் படி.

அப்பாவுக்கு ரோலிங் மில்லில் இந்த வாரமும் நைட் ஷிப்ட், முட்டி வலி என்கிறார், தைலம் தேய்த்தால் வாசம் பிடிக்கவில்லை என்கிறார், மொத்தத்தில் அப்பா அப்பாவாகவே இருக்கிறார். மெர்சி பைக் ரேஸ் ஓட்டுவது தனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல் நடந்துகொள்கிறார், ஆனால் சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறார், மகளுக்குப் பரீட்சை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. பாஸ்டர் வந்து மெர்சியிடம் எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்க, அவள் கியர் மாற்றுவதுதான் என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுச் செண்பகம் நேற்று வந்து, இன்னா கிரேஸு, பொண்ணு ஆம்பளைங்களோட வண்டி ஓட்டிக்கினு இருந்தா யாரு வந்து கட்டுவான் என்று கேட்டாள். வேகமாக ஓடுகிறவன் எவனாவது வருவான் என்று சொல்லி அனுப்பினேன். வாய் பேசிவிட்டதே தவிர, எனக்கும் பயம்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதியவர் பிரிவில் மெர்சி ஜெயித்ததும், ஜெயித்தவருக்கு ப்ரோ ஆட்களோடு ஓட ஓர் இடம் உண்டு என்று அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். குலுக்கலில் முதல் ரவுண்டிலேயே நீ வேலை பார்க்கும் டீமின் ரகுவுக்கு எதிராக, பக்கத்து லேனில் ஓட அவள் பெயர் வந்ததற்கு யார் என்ன செய்ய முடியும். நீ உடனே எனக்குப் போன் போட்டு என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார். அமெச்சூருங்கள கூப்பிடறதே கூட்டம் காட்டத்தாம்மா, எங்களுக்கு மொத ரவுண்டுல சுளுவா ஒரு ஆள் வேணும், அவ்ளோதான் என்றாய். எங்க ஓனரு, உன் தங்கச்சியாமே அதுன்னு கேக்குறாரு, அவ கொஞ்சம் நல்லா ஓட்டிட்டாலும் நம்ம வண்டி செட்டிங்க நீதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்னு பேசுவாங்க என்றாய். எல்லாவற்றுக்கும் மேலே, நீ ட்ராக்குக்குப் போவாதம்மா, ஆள் இல்லாம அவளை லைனுக்கு விடமாட்டாங்க, யாருக்கும் பேஜார் இல்லாம முடிஞ்சிடும் என்றாயே, அந்த வார்த்தைதான் என்னைக் கத்த வைத்தது. வண்டியை நேராக நிறுத்தவும், டயரைத் துடைக்கவும், இன்னும் கொஞ்சம் முன்னே வா என்று கை காட்டவும் ஒவ்வொரு ரைடருக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் டீமில் அதற்கு யூனிபார்ம் போட்டு, காதில் வயர் மாட்டிக்கொண்டு நீ நிற்கிறாய். அவளுக்கு நான் நிற்கிறேன், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. அந்த ஆளை வைத்தே அவளை ஓடவிடாமல் நிறுத்தச் சொல்கிறாய்.

ஆனால் பீட்டர், உன்மேல் கோபப்பட்டவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, ஏனென்றால் நீ சொன்னதைச் செய்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். போன ஞாயிறு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்த ட்ராக்கில் பழகுவதற்கு விட்டார்கள், போயிருந்தோம். கம்பத்தில் மஞ்சள் மஞ்சளாக எரிந்து பச்சை விழுகிறதே, அதற்கு கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நம் வீட்டில் மரம் வைத்து ஒரு வருஷமும் நான் இப்படி ஜெபம் பண்ணியதில்லை. பச்சை விழுந்தது, போனாள், பாதி தூரம் தாண்டியதும் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. நான் பின்னால் நின்றதால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, கத்தினால் அவளுக்குக் கேட்காது, ஓடினால் எட்டாது, ஏசப்பா ஏசப்பா என்று நின்ற இடத்திலேயே நிற்கிறேன். எப்படியோ விழாமல் பிடித்து நிறுத்தினாள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள், எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகு முடிவே செய்துவிட்டேன், ரேஸ் அன்றைக்குக் காலையில் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துவிடுவது, அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், உடம்பு முழுசாக இருக்கும், உன் வேலையும் தப்பும் என்று. திங்கட்கிழமை வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் காலால் தள்ளித் தள்ளி அவள் தரையில் கிழித்த கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருக்கிறாள். நான் நிற்க வேண்டிய இடத்தில் நம் நீல பிளாஸ்டிக் நாற்காலி. திரும்பி அதைப் பார்க்கிறாள், அது ஏதோ கை காட்டியதுபோல் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளுகிறாள். இது என்னடி கூத்து என்று கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே, நீ வரலன்னா இன்னா பண்றதுன்னு பாத்துக்கினு இருக்கேம்மா என்றாள். நான் உன்னிடம் போனில் கத்தியது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமலா இருந்திருக்கும். அண்ணன் சொல்லிச்சுன்னு கோவம் இல்ல, அதுக்கு அதோட வேல பெருசு, ஆனா உனுக்கு இன்னாம்மா பெருசு என்று கேட்டாள். போய் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு அது இருந்த இடத்தில் நின்றேன், இருட்டும் வரைக்கும் கை காட்டினேன்.

அதனால் கேட்டுக்கொள், நான் ட்ராக்குக்கு வருவேன். சும்மா வீம்புக்கு வரவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து பேரிங்தான் போயிருக்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள், நேற்று கும்மிடிப்பூண்டி எட்வர்ட் கடையில் புதிதாகப் போட்டாயிற்று. இந்தச் சனிக்கிழமை திரும்பவும் பழக விடுகிறார்கள். அதில் ஒரு துளி ஆடினாலும் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆடவில்லை என்றால் அடுத்த ஞாயிறு அவள் ஓடுவாள். கூட்டம் காட்டக் கூப்பிட்டிருந்தாலும் சரி, சுளுவான ஆளாகக் கூப்பிட்டிருந்தாலும் சரி, கூப்பிட்டது அவர்கள், அவள் கதவை உடைத்துக்கொண்டு போகவில்லை. உன் வேலை எனக்குச் சின்ன விஷயம் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த வேலைக்கு நீ எத்தனை பேர் கதவைத் தட்டினாய் என்று எனக்குத் தெரியும். உன் ஓனரிடம் நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு, ஆமாம், என் தங்கச்சிதான் என்று. மெர்சி சொல்கிறாள், சந்தேகம் இருந்தா அவங்க வந்து பாக்கட்டும், வண்டியத் தொறந்து வெச்சிட்டு நான் தள்ளி நிக்கறேன் என்று. இதற்கு மேலும் அவர் உன்னைச் சந்தேகப்பட்டால் அது அவருடைய புத்தி, உன் குற்றமில்லை. அப்படி உன்னை வெளியே அனுப்பினால் ஆரம்பாக்கத்துக்கு ரயில் இருக்கிறது, வீட்டில் சோறு இருக்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய பயம். நீ பாசத்தில் ஏதாவது விட்டுக்கொடுத்துத் தொலைக்காதே. கேரம் போர்டில் நீ வேண்டுமென்றே தோற்றாய் என்று தெரிந்தபோது அவள் உன்னோடு பேசாமல் கிடந்தது ஞாபகம் இருக்கட்டும். ரகுவின் வண்டியை எப்போதும்போல் சுத்தமாக நிறுத்து, டயரில் ஒரு தூசி இருக்கக் கூடாது. லைனில் நிற்கும்போது என்னைப் பார்க்காதே, நானும் உன்னைப் பார்க்க மாட்டேன், பார்த்தால் அவளுக்குக் கை காட்ட மறந்துவிடுவேன். ரகு ஜெயிப்பான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அவளுக்கும் அது தெரியும். ஜெயித்தால் நீ உன் ஆட்களோடு சேர்ந்து கைதட்டு, அது நீ சம்பளம் வாங்கும் வேலை, எனக்கு அதில் வருத்தமில்லை.

கர்த்தர் உன் கைகளையும் உன் வாயையும் காப்பாராக, வாயை முக்கியமாக. வெறும் பன்னைத் தின்றுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடாதே. அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். மறக்காமல் ஒன்று செய். தோற்றால் அவள் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள், உள்ளே அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பாள், அது உனக்குத் தெரியும். நீ இங்கே இருந்தவரைக்கும் தாடைக்குக் கீழே அந்த வாரை நீதான் அவிழ்ப்பாய். போன வருஷம் தோற்றபோது நான் தொட்டதற்குக் கையைத் தட்டிவிட்டாள், ஒரு மணி நேரம் பைக்கை ஏற்றிப்போன வேனுக்குள் அப்படியே இருந்தாள். கைதட்டி முடித்ததும், அந்த யூனிபார்மோடேயே, உன் ஓனர் பார்க்கப் பார்க்க எங்கள் பக்கம் நடந்து வா. நான் வாரைத் தொடாமல் காத்திருப்பேன்.

உன் அம்மா,
தா. கிரேஸ்