வாடாமல்லி நூலில் முளைத்த பீர்க்கு

ஓரிக்கை,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரேணுவுக்கு,

உன் கணவனும், பட்டுக் கடையில் சேலை விரித்துப் போட்டே தலை நரைத்தவனும், உன் தோட்டத்தை ஏறக்குறைய முழுசாகச் சாகடித்தவனுமாகிய ஆதிகேசவன் எழுதுவது.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடுதாசி அப்பா என்று சந்தியா கேட்டாள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு நகத்தால் தட்டுகிறாய். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. கல்யாணம் ஆனதிலிருந்து உன்னிடம் ஒரு வாக்கியத்தைக்கூட நான் முழுதாகப் பேசி முடித்ததில்லை. இப்போது எல்லாவற்றையும் முடிக்கிறேன், யாரும் குறுக்கே வருவதில்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. கடிதத்தில் என்றால் எதிராளி பேசாமல் இருப்பதுதானே முறை?

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் மாப்பிள்ளை பிரேம்நாத்தையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்ததும் நான் கேன்டீன் காப்பி மகா மட்டம் என்று உன்னிடம் சொன்னேன். நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு ஸ்லேட்டை எடுத்து, 'ஆடி பொறந்துடுச்சி. விதை போடு' என்று எழுதிக் காட்டினாய். உள்ளே என்ன சொன்னார்கள் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நல்ல பொய்யாக ஒன்று வைத்திருந்தேன். அது வீணாய்ப்போனது.

உன்னைச் சந்தியாவிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, நீ விதை போட்டு வைக்கும் பிஸ்கெட் டப்பாவைத் திறந்தேன். துணியில் சின்னச் சின்ன விதை முடிச்சுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறப் பட்டு நூலால் கட்டியிருந்தது. எங்கள் கடையில் நிறங்களுக்கெல்லாம் தோட்டத்துப் பெயர்தான்: கத்திரிப்பூ, வெங்காயத்தோல், மாம்பழம், வாடாமல்லி. விதை பார்த்தால் எனக்குத் தெரியாது, நிறம் பார்த்தால் தெரியும் என்று யோசித்து எனக்காகவே இப்படிக் கட்டி வைத்திருக்கிறாய் என்று நினைத்து உருகிப்போனேன். நிறம் பார்த்தே விதைத்தேன்.

கத்திரிப்பூ நூலைக் கத்திரி என்று தொட்டியில் தூவி, நாற்று எடுத்து நட்டு, நிழலெல்லாம் கட்டினேன். வளர்ந்ததும் இலையைக் கசக்கினால் தக்காளி வாசனை. மாலை மழை விடாமல் பெய்ததில் வேர் அழுகி அத்தனையும் சாய்ந்துவிட்டது. வெங்காயத்தோல் நூலை விரல் ஆழம் குழி போட்டுப் புதைத்தேன். அது முளைக்கீரையாம், இன்னும் மேலே வரவில்லை. மாம்பழ நூலில் எனக்கே சந்தேகம் வந்தது. மாங்கொட்டை அவ்வளவு சின்னதாக இருக்காது என்கிற அளவுக்கு எனக்கும் விவசாயம் தெரியும். மஞ்சள் சாமந்தி என்று முடிவு கட்டி வெயிலில் வைத்தேன். மிளகாய் விதையாம். எறும்பு வரிசை கட்டி எடுத்துக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு இதையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டு நாய் குரைத்தது. "இன்னாண்ணா நீங்க? அண்ணி அன்னன்னிக்கு எந்தச் சேலைக்குக் குஞ்சம் கட்டிக்கினு இருந்துச்சோ, அந்த மிச்ச நூல எடுத்து விதையக் கட்டும். அதப் போயி ஜாதகம் மாதிரி பாத்துக்கினு இருந்தீங்களா?" என்றாள். அந்தச் சேலைகளையெல்லாம் கடையிலிருந்து பையில் போட்டு உன்னிடம் கொண்டுவந்தவனே நான்தான். எனக்குத் தோன்றவில்லை பார். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தவள், அதிலேயே அழவும் செய்தாள். அண்ணி சத்தம் இல்லாமல் தெருவே பேஜாராக இருக்குது என்றாள். உன்னோடு போட்டிக்கு அவள் வைத்த மிளகாய்ச் செடி முழுக்க இலை சுருண்டு கிடக்கிறது. நீ சந்தோஷப்படுவாய் என்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

வாடாமல்லி நூல் ஒன்றுதான் பிழைத்தது. கறுப்பாக, தட்டையாக, சட்டைப் பித்தான் மாதிரி விதை. பூச்செடிக்கு இவ்வளவு பெரிய விதையா என்று கேட்கத் தோன்றியது. நூலே சொன்ன பிறகு விதை யார் பேசுவதற்கு என்று வாசல் ஜன்னலடியில் தொட்டியில் போட்டேன். அது ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, கேபிள் ஒயரைப் பிடித்து மாடிக்குப் போய்விட்டது. பீர்க்கு!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதில் இருப்பது ஒரே ஒரு காய். மற்ற பிஞ்செல்லாம் மழையில் வெம்பி உதிர்ந்தன. கொடியும் அடியிலிருந்து பழுத்துக்கொண்டு வருகிறது, இனிமேல் காய்க்காது என்று தில்லையம்மாள் சொல்லிவிட்டாள். சந்தியாவோ, பிஞ்சாக இருக்கும்போதே பறித்துக்கொண்டு வாங்கப்பா, வேகவைத்து அரைத்து வடிகட்டி அம்மாவுக்கு ட்யூபில் கொடுக்கலாம், டாக்டர் சரி என்றார் என்கிறாள். ஆனால் கொடியில் இருக்கிற நல்ல காயை நீ யாரையும் தொட விட்டதில்லையே. காம்பில் நூலைக் கட்டி விதைக்கு என்று விட்டுவிடுவாய். அது காய்ந்து நாராகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று கேட்கும்வரை அங்கேயே தொங்கும். அந்த விதை அடுத்த ஆடிக்கு.

அடுத்த ஆடி என்று எழுதிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

காலையில் கத்தியோடு போய்க் கொடியடியில் நிற்கிறேன். சாயங்காலம் நூலோடு போய் நிற்கிறேன். இரண்டு வேளையும் சும்மா திரும்பி வருகிறேன். வாடிக்கைக்காரர் எந்தச் சேலை எடுப்பது என்று தெரியாமல் திணறினால், இதை எடுங்கள் அம்மா என்று கையில் கொடுத்து அனுப்புகிற ஆள் நான். இந்த ஒரு காய்க்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. காய் பெருத்துக்கொண்டே இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது.

திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறேன். ஸ்லேட்டைப் பக்கத்திலேயே வைத்திரு. நீ எது எழுதினாலும் கேட்பேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். இந்த ஒரு முறை மட்டும், பறி என்று எழுதிவிடாதே ரேணு. எந்த நிறத்து நூல் கட்ட வேண்டும் என்று எழுது. நிறத்தில் ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுது.

காமாட்சி அம்மன் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
ஆதிகேசவன்.