பாலத்தில் நடுங்கிய ரயில்

கிள்ளான்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. கிளாஸ்கோவில் குளிர் விட்டதா, நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே அப்பா நலம், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பக்கத்து வீட்டு நாயே பயப்படும்படி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நாயை வளர்க்கிற சந்திரகலா ஆன்டியும் நலம், மகனுக்குப் பெண் தேடுகிறேன் என்று உன் போட்டோவை மறுபடியும் கேட்டாள், பத்துமலையில் நீ மொட்டை அடித்துக்கொண்டு அழுதபோது எடுத்ததைக் கொடுத்துவிட்டேன், இனிமேல் கேட்கமாட்டாள். என் நலத்தைப் பற்றித்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும்.

ரவாங்கில் நான் போகிற வேலையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். பிள்ளைகளுக்கான டிவி நாடகம், அதில் மனிதர்கள் கிடையாது, கண்ணும் வாயும் வைத்த சின்ன ரயில்கள்தான் நடிக்கின்றன. ஒரு பழைய மரச்சாமான் கிடங்கில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு மலை, ஆறு, பாலம், ஸ்டேஷன் எல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள், வெளியே லோரி போனால் மலை ஆடும், டைரக்டர் சிவேந்திரன் தலையில் கை வைத்துக்கொள்வான். பிரிக்பீல்ட்ஸில் என் தையல் கடைக்கு வந்து, பிளாட்பாரத்தில் நிற்கிற விரலளவுப் பொம்மைகளுக்குச் சேலை தைத்துத் தரக் கேட்டவன் அவன்தான். சேலை கொடுக்கப் போனவள் ரயில் ஓட்டுகிறவளாகிவிட்டேன். அங்கிருந்த ஆண்கள் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொடுத்தால் எல்லா ரயிலும் எக்ஸ்பிரஸ்தான், ஒரு முறை கதாநாயகனே ஆற்றில் விழுந்துவிட்டான். ஜாக்கெட் விளிம்பில் மணி கோக்கிற கையாயிற்றே, நீங்கள் பிடித்துப் பாருங்கள் என்றார்கள், நூலளவு நூலளவாகத் திருகிக் கோயில் தேர் மாதிரி நகர்த்திக் காட்டினேன். அன்று முதல் உன் அம்மா எஞ்சின் டிரைவர், அதுவும் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டு.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை எடுத்தது, புயலடிக்கும்போது குட்டி ரயில் பாலத்தைத் தாண்டுகிற காட்சி. பொம்மை ரயிலை அப்படியே படமெடுத்தால் பொம்மையாகத்தான் தெரியும், அதனால் கேமரா பிடிக்கிற வாணி அதை மிக வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓடவிடுவாள், அப்போதுதான் கையளவு எஞ்சினுக்கு நிஜ எஞ்சினின் கனம் வரும். நேரில் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அதில் பெரிதாகத் தெரிந்துவிடும். நான் திருகினேன், ரயில் ஒழுங்காகத்தான் போனது. வாணி படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டியபோது பார்த்தால், பாலம் நெடுக அது நடுங்கிக்கொண்டே போகிறது. சிவேந்திரன் கை தட்டி, "ஆன்டி, ரயிலுக்கே பயம் வந்திருச்சு லா, எப்படிச் செஞ்சீங்க" என்றான். நான் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் வருகிற பாராட்டை யாராவது திருப்பி அனுப்புவார்களா, எல்லாம் அனுபவம் தம்பி என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது, புயல் ஓய்ந்து அதே ரயில் ஸ்டேஷனுக்குள் அமைதியாக வந்து நிற்கவேண்டும். எடுத்துப் பார்த்தால் அதே நடுக்கம். தண்டவாளத்தில் தூசி இருந்தால் மின்சாரம் விட்டு விட்டு வந்து வண்டி வெட்டும், அதனால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முழுவதும் துடைத்தார்கள், நடுக்கம் போகவில்லை. எஞ்சினை மாற்றினார்கள், போகவில்லை. திருகையும் மாற்றினார்கள். கடைசியில் வாணி, ஆன்டி நீங்க கொஞ்சம் தே தாரிக் குடிங்க, நான் சும்மா டெஸ்ட் பண்றேன் என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டவே தெரியாது. ரயில் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி வந்து நின்றது. "இப்ப ஓகே, டஸ்ட்தான் போல" என்றாள், எல்லாரும் ஆமாம் என்றார்கள். என் கையிலிருந்த கிளாஸில் தேத்தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக ஆடிக்கொண்டிருந்தது. வெளியே லோரி எதுவும் போகவில்லை.

தாமரை, உன் பக்கிரிசாமி மாமாவுக்கும் இப்படிக் கையில்தான் தொடங்கியது. இப்போது சட்டைப் பொத்தான் போட அவருக்கு ஆள் வேண்டும், நகைச்சுவை சொன்னால் சிரிக்கிறாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணனுக்கு வந்தால் தங்கைக்கும் வரவேண்டும் என்று சட்டமா என்ன, கோப்பி அதிகமாகியிருக்கும், ரத்தம் குறைந்திருக்கும், என்னென்னவோ சொல்லிக்கொள்கிறேன், மனம் கேட்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு வீடு திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் மட்டும் நிம்மதியாக இருந்தது, அங்கே எல்லார் கையும்தான் ஆடுகிறது. கிள்ளான் வந்து வண்டி நின்றதும் என் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். வீட்டிலே ஓயாமல் சப்பாத்தி மாவு பிசைகிறேன், பிசைகிற கை நடுங்குவது தெரியாது. "என்ன இது, வட இந்தியாவுக்குக் குடி போயிட்டமா" என்று அப்பா கேட்கிறார், கேட்டுவிட்டு ஆறு தின்கிறார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, அந்த மனிதர் கப்பலைப் பார்த்துப் பயப்படமாட்டார், என் தலைவலிக்குப் பயப்படுவார். கடையில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் பாதி மணியோடு கிடக்கிறது, ஊசியை எடுக்கப் பயமாக இருக்கிறது, எடுக்காமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

அடுத்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள், கண் பரிசோதனை என்று அப்பாவிடம் புளுகியிருக்கிறேன். நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடாதே. வரமாட்டேன் என்றும் உடனே சொல்லிவிடாதே.

முருகன் உன்னை நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், மூன்று வேளைச் சாப்பாட்டோடு வைத்திருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். மாமாவுக்குக் கை நடுங்குவதற்கு முன்பே எழுத்து சிறுத்துப் போயிற்றாம், எழுதப் போகப் போக எறும்பு மாதிரி ஆகிவிடுமாம், அத்தை சொன்னாள். வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு நான் பேனாவைப் பிடித்தது அதற்காகத்தான். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எனக்கு எல்லாம் ஒரே அளவாகத்தான் தெரிகிறது, ஆனால் என் ரயிலும் எனக்கு ஒழுங்காகத்தான் ஓடியது. அப்பா வேலைக்குப் போன பிறகு போன் பண்ணி, ஆறுதல் எதுவும் வேண்டாம், பார்த்ததை மட்டும் சொல்.

உன் அம்மா,
லோகேஸ்வரி

(பெயரை மட்டும் வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருக்கிறேன், அதைக் கணக்கில் சேர்க்காதே.)