திட்டினால்தான் கதவு திறக்கும்

திங்கள், காலை 8.10
நிலவின் தென்முனைக் குடியிருப்பு, தொடக்கப் பள்ளி. பதிவு செய்பவர்: தலைமையாசிரியை மங்கையர்க்கரசி. வருகை முப்பத்தொன்று. காற்றழுத்தம் சரி. இரண்டாம் வகுப்பு ரிஸ்வானா மறுபடியும் சுவரில் யானை வரைந்திருக்கிறாள். திட்டினேன்.

செவ்வாய், பகல் 2.40
மருத்துவப் பிரிவின் செய்தி: "ஊருக்குள்ள கொஞ்சல் காய்ச்சல் பரவுது. பள்ளியை உள்ளிருந்து பூட்டிடுங்க."

பெயர்தான் வேடிக்கை. இந்தக் காய்ச்சலில் உடம்பு சுடாது. கோபம் அடியோடு போய்விடும், பாசம் பொங்கும், கண்ணில் பட்டவரையெல்லாம் கட்டிக்கொள்ளத் துடிப்பார்கள். தொட்டால் உடனே ஒட்டிக்கொள்ளும். நான்காம் நாள் மூச்சு நின்றுவிடும். பூட்டிவிட்டேன். உள்ளே பிள்ளைகள், பெனிட்டா டீச்சர், நான்.

புதன், காலை 9.00
பெற்றோர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "தங்கம், அம்மா வந்திருக்கேன்டா, கதவைத் திற."
திறக்கவில்லை. பிள்ளைகள் அழுது தீர்த்தார்கள்.

சட்டம் போட்டுவிட்டேன். வெளியே நிற்பவர் நம்மைத் திட்ட வேண்டும். திட்டினால் நலம், கொஞ்சினால் நோய். நானே வந்து நின்றாலும் இதுதான். இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சிற்றறையில் நான் நிற்க, ஒத்திகை நடந்தது. "எருமைகளா, வாய்ப்பாடு சொல்ல வக்கில்லை, கதவு திறக்க மட்டும் அவசரமா?" கைதட்டித் திறந்தார்கள்.

வியாழன், மாலை 5.15
காற்று வடிகட்டி நாளைக்கு மேல் தாங்காது. புதியது ஊர்க் கிடங்கில் இருக்கிறது. பெனிட்டா தான் போவதாகச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னேன். நாற்காலியில் தலைமை என்று எழுதியிருப்பது உட்காருவதற்கு மட்டுமா? நானே போகிறேன், இந்தப் பதிவேடும் என்னோடு வருகிறது. நான் திரும்பாவிட்டால், இதைக் கண்டெடுப்பவர் பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம்.

வெள்ளி, காலை 6.50
வடிகட்டி கிடைத்தது. கிடங்கில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஓடிவந்தேன். இப்போது சிற்றறையில். வெளிக்கதவு பின்னால் பூட்டிக்கொண்டது. இனி எந்தக் கதவையும் பெனிட்டாதான் உள்ளிருந்து திறக்க வேண்டும். பாவம், சின்னப் பெண், எவ்வளவு பொறுப்பு.
ஒலிபெருக்கியில் ரிஸ்வானா: "திட்டுங்க டீச்சர்! சீக்கிரம் திட்டுங்க!"
வாயைத் திறந்தேன். "கண்ணுங்களா" என்றுதான் வந்தது.


வெள்ளி, காலை 7.30
எருமை என்று சொல்ல முடிகிறது, ஆனால் செல்லமாக வருகிறது. பயமாக இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே வடிகட்டியைப் பொருள் வாங்கும் சிறு துவாரத்தில் தள்ளிவிட்டேன். கிருமிநாசினிப் புகை அடித்து உள்ளே போய்விட்டது. இனி எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காதே, ஒலிபெருக்கியை அணைத்துவிடு என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.
"ஒரே ஒரு தடவை திட்டுங்க மேடம், ப்ளீஸ்..."
முடியவில்லை. அணைத்துவிட்டாள்.

வெள்ளி, பகல்
முழங்கால் வலி போய்விட்டது. கதவில் காதை வைத்தால் வாய்ப்பாடு கேட்கிறது. என்ன இனிமை! தட்டிப் பார்த்தேன், ஒருவரும் திறக்கவில்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை கட்டிக்கொண்டால் போதும்.

இந்தப் பள்ளியைக் கட்டும்போது நான்தான் மேற்பார்வை. உள்கதவின் கீல் திருகாணிகளை இந்தப் பக்கம் வைத்துவிட்டார் என்று ஒப்பந்தக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். கடைசிவரை மாற்றவே இல்லை. நல்ல மனிதர்.

வெள்ளி
திருகாணியில் சாவி முனை பொருந்துகிறது. மூன்று கழன்றுவிட்டன, இன்னும் ஒன்றுதான். வாய்ப்பாடு நின்றுவிட்டது, யாரோ அழுகிறார்கள்.
அழாதீங்க கண்ணுங்களா. டீச்சர் வந்துட்டேன்.