சரசு, உன் அடுப்பு உன் வூட்டிலேயே இருக்கிறது

கண்ணு சரசு,

அந்த முருகன் நிழலில் நீ சுகமாக இருப்பாய். அங்கே கரி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றும் இருக்காது. இங்கே சேதி நிறைய இருக்கிறது. இருந்தாலும் உன் காஸ் அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஒன்று சொல்ல வந்தால் ஒன்பது சொல்வேன் என்று நீ சிரிப்பாயே, அதற்காக.

நாளைக்கு உனக்கு வருசத் திதி. படையலுக்குச் சமைக்க பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் அரூர் வந்தேன். சமையல்கட்டில் நுழைந்தால், சாமி, அது உன் அடுப்புதானா? நீ போனதிலிருந்து உன் வீட்டுக்காரன், அதுதான் என் தம்பி, அவனே பொங்கிப் போடுகிறான். வழிந்த பாலும் தெறித்த எண்ணெயும் காய்ந்து, தார் பூசின மாதிரி கிடந்தது. பர்னரில் பாதிக் கண் அடைத்துப் போயிருந்தது.

"அதுல கைய வெக்காதக்கா. சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வர்றான், தூக்கிக் குடுத்துடலாம். புதுசுக்குச் சொல்லியிருக்கேன்" என்றான்.

உன் மகள் செல்வி போய் அடுப்பை ஒட்டி நின்றுகொண்டாள். அந்த நிற்பைப் பார்த்தபிறகு நான் சும்மா இருப்பேனா?

"அவன் வர்றதுக்குள்ள இது பளிச்சுன்னு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா வெச்சுக்கலாம். ஆவாதுக்கா."

சிலிண்டரை மூடிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்ததில் என் தோள்பட்டைதான் கழன்றது. அப்போது நீ சொன்னது காதில் கேட்டது. "அழுக்கோட மல்லுக்கட்டாதீங்க அண்ணி. ஊற வெச்சுட்டு வேற வேலயப் பாருங்க. அதுவே பிடிய விட்டுரும்."

மண் அடுப்பென்றால் வெள்ளிக்கிழமை சாணி மெழுகி, கோலம் போட்டு, அப்புறம்தான் சாமிக்குப் பொங்குவது. "இந்த இரும்புப் பொட்டிய எப்படிடி மெழுவுவ?" என்று ஒரு வெள்ளிக்கிழமை உன்னைக் கேலி பேசினவள் நான்தானே. நீ சுடுகஞ்சியில் சலவைச் சோடாவைக் கரைத்து, பழந்துணியை நனைத்து அடுப்பின்மேல் போர்த்தினாய். என் கையில் காபியைக் கொடுத்தாய். காபி முடியும்போது பிசுக்கு இளகியிருந்தது. என் வாயும் ஓய்ந்திருந்தது. துடைத்து, குமிழுக்குக் கீழே மஞ்சள் குங்குமம் வைத்து, "மெழுவியாச்சுங்க அண்ணி" என்றாய். அன்றைக்கு முருகனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கல் அந்த அடுப்பில் வெந்ததுதான். இத்தனை வாய் பேசுகிற என்னை நோகாமல் வழிக்குக் கொண்டுவந்தவள் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இன்றைக்கும் அதேபோல் போர்த்திவிட்டு, புளித்தண்ணியில் பர்னரைப் போட்டேன். கண் ஒவ்வொன்றையும் விளக்குமாற்றுக் குச்சியால் செல்வி குத்திவிட்டாள். துணியை எடுத்ததும் பிசுக்கு பாளம் பாளமாகக் கழன்று வந்தது, சரசு. பர்னரின் பித்தளை பொன்னாக மின்னியது. குமிழுக்குக் கீழே ஒரு பாளம்தான் பாக்கி. அதைப் பெயர்த்து, நாரை வைக்கப் போனேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, அங்க தேய்க்காதீங்க."

உன் பொட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கடைசி வெள்ளிக்கிழமை நீ வைத்தது. கறுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் உன் மோதிரவிரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது. நாங்கள் திட்டித் தீர்த்த பிசுக்குதான் அதை மூடிக் காத்திருக்கிறது.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அந்நேரம் வாசலில் இரும்புக்காரன் குரல் கேட்டது. எழுந்து போனான்.

"பழசு ஒண்ணும் இல்லப்பா. நீ போய்ட்டு வா."

தீ இப்போது நீலமாக எரிகிறது. உனக்குப் பிடித்த கச்சாயம் சுட வெல்லப்பாகு ஏற்றியிருக்கிறேன். பொங்கி வழிந்தால் துடைக்க ஈரத்துணியோடு செல்வி பக்கத்திலேயே நிற்கிறாள்.

முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன் கண்ணு. என் கால் நடக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து இந்த அடுப்பை மெழுகுவேன். புதுப் பொட்டை உன் பொட்டுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன், அதன்மேல் வைக்கமாட்டேன்.

வாயாடி என்று தெரிந்தும் நீ ஒருநாளும் கடிந்து பேசாத,
உன் நாத்தனார்