மாவிட்டியோடுதான் பாலம் தாண்டினோம், மச்சாள்

என்ரை அன்பு மச்சாள் தவமணிக்கு,

கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு தென்னங்காணிக்குள் இருந்து இதை எழுதுகிறேன். நீர் எங்கே இருந்தாலும் அங்கே முட்டு வராமல் நல்லாய் மூச்சு விடுகிறீர் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே ஒரு கிழமையாக மழை. கொட்டிலின் ஒரு பக்கத்துக் கிடுகு ஒழுகுது, மற்றப் பக்கம் பரவாயில்லை. அந்த நல்ல பக்கத்தில் ஆர் படுக்கிறது என்று கேட்கிறீரோ? உம்மடை மாடும் கன்றும்தான். நானும் உம்மடை அண்ணையும் ஒழுகுகிற பக்கம்.

சிரிக்காதையும்.

நீர் போய் ஒன்பது மாதம். உரும்பிராயில் இருந்தவரைக்கும் உம்மடை படத்துக்கு முன்னால் நின்று கதைப்பேன். இப்போது படம் அங்கே, நான் இங்கே. அதுதான் எழுதுகிறேன். வேறு ஆரும் வாசித்தாலும் வாசிக்கட்டும். உரும்பிராயில் தவமணி ரீச்சர் என்று ஒருத்தி இருந்தாள், பின்னேரங்களில் என்ன செய்தாள் என்று நாலு பேருக்குத் தெரிவதில் என்ன பிழை?

தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் வடக்குப் பக்கத்துச் சனமெல்லாம் ஒரே நாளில் எழும்பி எங்கள் பக்கம் வந்தது உமக்கு ஞாபகம் இருக்கும். சனம் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் போய் இருந்துவிட்டது. ஆடு, மாடு, நாய்க்கு ஆர் இடம் கொடுத்தது? கணக்குப் பாடம் முடித்துச் சைக்கிளில் வந்த நீர், ஒரு கையில் சைக்கிளும் மற்றக் கையில் வெள்ளைப் பசுவொன்றின் கயிறுமாய்ப் படலைக்குள் வந்து நின்றீர். கன்றைத் தவறவிட்ட பசு. மடி கல்லுப் போல் இறுகிப் போயிருந்தது.

"ஆற்றை மாடு?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. மாவிட்டபுரத்துப் பக்கமிருந்து நடந்து வந்திருக்குது. கொஞ்சம் சுடுதண்ணி வையும் மலர், மடிக்கு ஒத்தணம் குடுக்கவேணும்."

அப்படித்தான் மாவிட்டி வீட்டுக்கு வந்தது. பிறகு தெல்லிப்பழையிலிருந்து வந்த மூன்று கால் நாய், தெல்லி. கீரிமலைச் சனத்தின் வண்டிலுக்குப் பின்னால் வந்து வழியில் விழுந்து கிடந்த குருட்டுக் கிழட்டுப் பெட்டை நாய், கீரி. எல்லாவற்றுக்கும் ஊரின் பெயர்தான். "தேடி வாற சனத்துக்கு லேசாய் இருக்கும். கூப்பிடேக்கையே எந்த ஊர்ச் சீவன் எண்டு விளங்கும்" என்றீர். ஆகக் கூடின நேரத்தில் வளவுக்குள் பதினொரு நாய்கள் நின்றன. எனக்கு நாய் என்றால் எவ்வளவு பயம் என்று உமக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போக ஒரு தடி, கொடியில் உடுப்புப் போட ஒரு தடி. அந்த ஐந்து வருசமும் கையில் தடியோடு திரிந்தவள் நான்.

கோபமும் இருந்தது, மச்சாள். மறைக்கமாட்டேன். சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நீரோ தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து நாயின் புண்ணுக்குப் பூசிக்கொண்டிருந்தீர். "மனிசருக்கே இல்லாத எண்ணெய்" என்று உமக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். நீர் திரும்பியும் பார்க்கவில்லை. புண்ணில் இருந்து புழு ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.

ஒரு நாள் பின்னேரம் மருதனார்மடத்துப் பக்க முகாமிலிருந்து ஒரு மேசன் நடந்து வந்தார். படலைக்கு வெளியே நின்று, "பிள்ளை, காங்கேசன்துறை நாய் ஒண்டு இஞ்சை நிக்குதாம்" என்றார். நீர் பதில் சொல்ல முன்னமே வேலியோரம் கிடந்த காங்கேசன் எழும்பிவிட்டது. அவர் "ராசா" என்று ஒருக்கால்தான் கூப்பிட்டார். அது ஓடின ஓட்டத்தில் என்ரை உடுப்புக்கொடி அறுந்து விழுந்தது. அந்த மனுசன் ஒழுங்கைப் புழுதியிலேயே இருந்து நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டை விட்டு வரும்போது அழவில்லையாம். அண்டைக்குத்தான் அழுகை வந்ததாம். குசினி யன்னலால் எல்லாவற்றையும் பார்த்தேன். அதை உமக்குச் சொல்லவில்லை. விழுந்த உடுப்பைத் திரும்பத் தோய்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு உமக்கு மூச்சுமுட்டு கூடியது. நாய் மயிர்தான் காரணம் என்று ஊர் சொன்னது. முட்டுக்கு இழுக்கிற பம்ப் இல்லை, மருந்து இல்லை என்று நான் சொன்னேன். இரண்டும் உண்மையாய் இருக்கலாம். பங்குனி வெயிலில் உம்மடை அண்ணை உம்மைச் சைக்கிளில் இருத்தி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் நான் வந்தபோது நீர் என் கையைப் பிடித்துச் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கு.

"மலர், நான் வராட்டி கேற்றைத் திறந்துவிடும். அதுகள் தங்கடை பாட்டைப் பாக்குங்கள். உம்மிலை நான் ஒரு பாரமும் வைக்கேல்லை."

"விசர்க்கதை கதைக்காதையும். நாளைக்குக் கஞ்சி கொண்டு வாறன்."

கஞ்சி கொண்டு வந்தேன். நீர் குடிக்க இருக்கவில்லை.

நீர் சொன்னபடியே செய்தேன், மச்சாள். உம்மடை முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் கேற்றை விரியத் திறந்துவிட்டேன். சொந்தக்காரர் வந்து கொண்டுபோனதும் செத்ததும் போக, அந்நேரம் மிச்சம் நின்றது மாவிட்டி, தெல்லி, கீரி மூன்றும்தான். கீரி கண் தெரியாமல் அசையவில்லை. மாவிட்டி வயிற்றில் கன்றோடு படுத்திருந்தது. தெல்லி மட்டும் மூன்று காலில் கெந்திக் கெந்தி ஒழுங்கையால் போனது. "சரி, ஒண்டு குறைஞ்சுது" என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் உலையை இறக்கி வைத்துவிட்டு உம்மடை சைக்கிளை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன்? இன்று வரைக்கும் தெரியாது. கோண்டாவில், இணுவில் எல்லாம் சுற்றினேன். மருதனார்மடம் சந்தையில் மீன் விற்கிற மேசைக்குக் கீழே கிடந்தது. ஆரோ சுடுதண்ணி ஊற்றியிருந்தார்கள், முதுகு முழுக்க உரிந்திருந்தது. மீன்காரப் பெண், "உங்கடையே? அப்ப தூக்குங்கோ அக்கா, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று அதட்டினாள். கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்கினேன். என்ரை வாழ்க்கையில் முதல்தரம் ஒரு நாயைத் தொட்டேன். அது என்னைக் கடிக்கவில்லை. நடுங்கினது. நானும்தான்.

வீட்டுக்கு வந்து கேற்றைச் சாத்தினேன். உம்மடை அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். "கற்பூரம் எங்கை கிடக்கு?" என்று கேட்டேன். அவர் எடுத்துத் தந்தார்.

இனித்தான் உமக்குத் தெரியாத கதை. ஐப்பசி கடைசியில் ஊரே வீடு வாசலை விட்டு எழும்பவேண்டி வந்தது, மச்சாள். ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். ஆமி அடிக்கிற செல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. பக்கத்து வளவுச் சின்னத்துரை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாட்டை அவிட்டு விட்டிட்டு வெளிக்கிடு பிள்ளை. உயிர் தப்பினால் காணும்" என்றார். உம்மடை அண்ணையும் அதைத்தான் சொன்னார்.

"மலர், அவளே திறந்துவிடச் சொன்னவள்தானே?"

"ஓம், சொன்னவ. நான் ஒருக்கால் திறந்து பாத்திட்டன். இனித் திறக்கமாட்டன்."

"அப்ப தெல்லியை என்ன செய்யிறது? அது அவ்வளவு தூரம் நடக்காது."

சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்து இறக்கினேன். அம்மா தந்த குத்துவிளக்கு, கூறைச் சேலை, வெள்ளிச் செம்பு எல்லாம் அதற்குள். பெட்டியைக் கிணற்றடியில் வைத்து மேலே ஓலை போட்டு மூடினேன். அந்த இடத்தில் ஒரு கடகத்தைக் கட்டித் தெல்லியை இருத்தினேன். உம்மடை அண்ணை சைக்கிளை உருட்ட, நான் மாவிட்டியின் கயிற்றைக் கையில் பிடித்தேன். கீரியின் கயிற்றை இடுப்பில் கட்டினேன். இரண்டு மாதக் கன்று தாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

செம்மணி வெளிக்கு வந்தால் சனம் அசையவில்லை. முன்னுக்கும் சனம், பின்னுக்கும் சனம், இரண்டு பக்கமும் தண்ணி, மேலே மழை. ஒரு அடி வைக்கக் கால் மணித்தியாலம். எனக்குப் பின்னால் தோளில் குழந்தையோடு வந்த ஒருவர் கத்தினார்: "சனம் நிக்க இடமில்லை, உங்களுக்கு மாடும் நாயும் கேக்குதோ? தள்ளி விடுங்கோ தண்ணிக்குள்ளை!"

அவர் சொன்னதில் என்ன பிழை? கயிற்றை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் தாய் என் பக்கத்தில் வந்து, "அம்மா, மாட்டிலை பால் இருக்குமோ? பிள்ளை காலமையிலிருந்து ஒண்டும் குடிக்கேல்லை" என்றாள். மடியைப் பார்த்தேன். இருந்தது. அந்தச் சேற்றுக்குள் குந்தி இருந்தேன். மழை முதுகில் விழுந்தது. அத்தனை சத்தத்துக்குள்ளும் மாவிட்டி காலை அசைக்கவில்லை. ஒரு தகரப் பேணி, இன்னொரு பேணி. காய்ச்சாத பால்தான். காய்ச்ச அங்கே என்ன இருந்தது? ஆக்கள் என்னைச் சுற்றிக் குடையும் சேலையும் பிடித்தார்கள். கடைசியில் ஒரு கை பேணியை நீட்டியது. தண்ணிக்குள் தள்ளிவிடச் சொன்ன அந்த மனுசன்தான். என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. ஊற்றிக் கொடுத்தேன். குழந்தை குடித்தது. அண்டைக்குக் கன்றுக்குத்தான் மிச்சம் இருக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை நீர் மன்னிக்க வேண்டும்.

நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது ஒரு தள்ளு வந்தது. இடுப்பில் கயிறு இழுபட்டது, பிறகு லேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தேன். கழுத்து வார் மட்டும் வந்தது. கீரி இல்லை. "கீரி, கீரி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பி நாலு அடி வைத்தேன். சனம் என்னை அப்படியே தூக்கி முன்னுக்குக் கொண்டுபோய்விட்டது. கண் தெரியாத சீவன். என்ரை சத்தத்தையாவது கேட்டிருக்குமோ? பத்து நாள் தொடர்ந்து நாவற்குழிக்கும் கைதடிக்கும் நடந்தேன். காணுகிற ஆக்களையெல்லாம் கேட்டேன். காணவில்லை. வாரை நல்லாய் இறுக்கியிருந்தால் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். உமக்குத் தெரியாமல் மறைக்க மனம் வரவில்லை.

அந்தப் பத்தாம் நாள் திரும்பி நடக்கும்போதுதான் முடிவெடுத்தேன். அழுதுகொண்டு இருந்தால் கீரி வராது. நிற்கிறதுகளைப் பார்க்கவேண்டும்.

இந்தக் காணிக்காரர் ஓய்வுபெற்ற மாஸ்ரர், யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர். கொட்டில் போட இடம் தந்தபோது ஒரு விரலைக் காட்டி, "நாய் எண்டால் ஒண்டு. ரெண்டாவது நாய் இந்த வளவுக்குள்ளை வரப்படாது" என்றார். இப்போது ஐந்து நாய்கள் நிற்கின்றன, மச்சாள். ஐந்தாவதைக் கொண்டு வந்தவர் அவர்தான். பூசை முடிந்து வரும் வழியில் வேதக்கோயில் வாசலில் கிடந்ததாம். கொடிகாமம் சந்தையில் மீன் தலை வாங்கி வருகிறவரும் அவர்தான். "கறிக்கு" என்று சந்தையில் பொய் சொல்லுகிறார்.

பள்ளிக்கூடத்து முகாமில் சனம் நாய்களுக்குப் பயந்து அடிக்கத் தொடங்கியது. கடித்தால் விசர் பிடித்துவிடும் என்ற பயம். நாய்களுக்குத் தடுப்பூசி கேட்டுச் சாவகச்சேரியில் மிருக வைத்தியரிடம் போனேன். "மனிசருக்கே ஊசியில்லை, அம்மா" என்றார். சரி என்றேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "இருக்கிற கொஞ்சத்தைக் கொண்டு வாறன். நாய்களைப் பிடிச்சு வைச்சிருக்க உங்களாலை ஏலுமோ?" என்று கேட்டார். நானோ? "ஏலும்" என்றேன். போன வியாழன் முகாம் வாசலில் இருபத்துமூன்று நாய்களின் வாயைத் துணியால் கட்டி, ஒவ்வொன்றாய் மடியில் இறுக்கிப் பிடித்தேன். இடது கையில் ஒரு கடி. எனக்கும் ஊசி போட்டாயிற்று. யோசிக்காதையும்.

உம்மடை அண்ணை கூப்பிடுகிறார். இன்று பின்னேரம் ஒரு மனுசி வந்து சொல்லிப்போட்டுப் போனாள்: கைதடிப் பக்கம் விட்டிட்டுப் போன ஒரு வளவில், செல்லுக்கு ஒளிக்க வெட்டின பங்கருக்குள் ஒரு மாடு விழுந்து கிடக்குதாம். தலை மட்டும்தான் தெரியுதாம். அவள் தின்னக் குழையும் வாளியில் தண்ணியும் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மழை இப்படியே பெய்தால் குழி நிரம்பிவிடும். விடியக் காலமை போகிறோம். மண்ணை வெட்டிச் சரிவாக்கினால் அது தானாக ஏறி வரும் என்று மாஸ்ரர் சொல்கிறார். அலவாங்கும் மண்வெட்டியும் அவர் தந்துவிட்டார். முகாமிலிருந்து நாலு பேர் வருகிறோம் என்றிருக்கிறார்கள்.

அங்கே போகப்படாது, செல் விழும் என்று ஒருத்தர் சொன்னார். விழலாம்தான். ஆனால் அது குழிக்குள் நிற்குது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மச்சாள். தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருக்கிறது?

நீர் என்னில் ஒரு பாரமும் வைக்கவில்லை. இது நானாக எடுத்தது. நானாக எடுத்ததை ஆர் சொல்லியும் இறக்கமாட்டேன், இது சத்தியம். நாளைக்கு அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் திரும்புவோம். பெயர் கைதடி என்று வைக்கிறேன். சொந்தக்காரர் எங்கே இருந்தாலும் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உம்மடை அண்ணையின் மனுசி,
உம்மடை மச்சாள்
இராசமலர்