நஸ்ரின் போன கார்

ஜனவரி 8, வியாழன்
காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை. உடுப்பு ஒண்டும் காயல்ல.

மச்சான் அந்தி மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி வந்தார். முழுக்க நனைஞ்சு, காலில செருப்பில்லை. கார் எங்க எண்டு கேட்டன்.

"நஸ்ரின் கேட்டாள், குடுத்தன். அவள்ர உம்மாவுக்குச் சுகமில்லையாம்."

நஸ்ரின் எங்கட ஹாட்வெயார் கடையில பில் போடுற பிள்ளை. அவருக்கும் அவளுக்கும் என்ன எண்டு போன நோன்பிலிருந்து தெரியும். பொண்டாட்டி எனக்குத் தெரியாமப் போகுமா. ஒண்டும் கேட்டதில்லை.

ராவு இஷாவுக்குப் பிறகு போன். அட்டாளைச்சேனைப் பக்கம் கார் வாய்க்காலுக்குள்ள. உள்ளே நஸ்ரின் மட்டும். ஆஸ்பத்திரியில, நினைவில்லை. "யா அல்லாஹ்" எண்டார்.

ஜனவரி 9, வெள்ளி
ஜும்மாவுக்கு அவர் சட்டை மாத்தேக்க பார்த்தன். வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கருநீலக் கோடு. சீட் பெல்ட். ஓட்டுற ஆள்ர பக்கம்.

"என்ன இது?"

"கடையில பைப் விழுந்த."

தைலம் தேய்ச்சு விட்டன். கை தன் பாட்டுக்குத் தேய்ச்சது.

வாங்க: பால்மா, வெங்காயம், வாப்பாட பிரஷர் குளிசை.

ஜனவரி 11, ஞாயிறு
நஸ்ரின் மௌத்து. கண்ணே திறக்காம உயிர் போயிட்டாம்.

பகல் சோத்துக்கு அவர் ரெண்டாம் தரமும் கறி கேட்டார். வியாழனிலிருந்து ஒழுங்காச் சாப்பிடாத ஆள்.

வாப்பா சொன்னார், "மருமகன் ராசிக்காரன். காரைக் குடுக்காட்டி அவரெல்லோ அந்தக் காரில வந்திருப்பார்."

ராசிதான். மீன்பிடிக்காரர் வீட்டுப் பொடியன், ஒரு பேக்கோட இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவர். கடை அவர் கையில. புதன்கிழமை வர்த்தகச் சங்கத் தலைவர் தெரிவு, அவரும் நிக்கிறார்.

ஜனவரி 12, திங்கள்
பொலிஸ் ரெண்டு பேர். பிளேன்டீ குடுத்தன்.

"வியாழன் பின்னேரம் இவர் எங்க நிண்டவர்?"

அவர் என்னைப் பார்க்கல்ல. வாப்பா பார்த்தார்.

"வீட்டதான்" எண்டன். வாய் தானாச் சொன்னது.

கரண்ட் இல்லாததால ரோட்டுக் கடைக் கமராவிலயும் ஒண்டும் விழல்லையாம். எழுதிக்கொண்டு போனாங்க.

"நீ நல்ல புள்ள." வாப்பா முதுகில தட்டினார். மரத்துப்போன இடத்தில தட்டின மாதிரி. தலையணை உறை ரெண்டு கழுவினன்.

ஜனவரி 14, புதன்
வெயில். அவர் தலைவராயிட்டார். பின்னேரம் வீடு நிறைய ஆள். இனிப்புக்கு ஆக்கின வட்டிலப்பம் இத்தனை பேருக்குக் காணாது போல.

நஸ்ரின்ர உம்மா வந்தா. பின்வாசலால. கையில ஒரு பையில கோழி முட்டை. குசினி நிலத்தில, அடுப்புப் பக்கம் இருக்கப் போனா, கதிரை போட்டன்.

"மகள், எண்ட புள்ள உங்கட காரை நாசமாக்கிட்டாள். மன்னிச்சுக்கொள்ளுங்க. அவளுக்கு ஓட்டத் தெரியுமெண்டே எனக்குத் தெரியா. சைக்கிளுக்கே பயந்தவள். எனக்குச் சுகமில்லையெண்டு ஏன் சொன்னாளோ, நான் நல்லாத்தானே இருந்த."

ஹோலில சிரிப்பு.

"நீங்க மன்னிச்சாத்தான் கபுறில நிம்மதியா இருப்பாள்."

"உம்மா, நஸ்ரின் ஓட்டல்ல."

விளங்காமப் பார்த்தா. திருப்பிச் சொன்னன். மச்சான்தான் ஓட்டினது, அவளை வாய்க்காலில விட்டுட்டு வந்தது எண்டும், அவர்ர தோளில கிடந்த கோட்டையும் சொன்னன். உம்மா முட்டைப் பையை மெதுவா மேசையில வச்சா.

ஹபாயா போட்டன்.

"எங்க புள்ள?" வாப்பா ஹோலிலிருந்து.

"பொலிசுக்கு. திங்கக்கிழமை நான் சொன்னது பொய்."

எல்லாருக்கும் கேட்டது. மச்சான்ர கையில வட்டிலப்பக் கிண்ணம். ஒருத்தரும் எழும்பல்ல.

ஓட்டோவில நஸ்ரின்ர உம்மா எண்ட கையை விடவே இல்லை. பொலிசில நான் சொல்லச் சொல்ல எழுதி எடுத்தாங்க. அவரைக் கூட்டிவர ஜீப் போனது. வாப்பா போன் அடிக்கிறார், நான் எடுக்கல்ல.

நாங்க இருக்கிற கல்முனை வீடு எண்ட பேரிலதான். ஆனா இண்டைக்கு அங்க போகல்ல. நஸ்ரின்ர வீட்டில உம்மா சோறு தந்தா, சாப்பிட்டன். அழுகை இன்னும் வரல்ல. படுக்க நஸ்ரின்ர கட்டிலைத் தந்திருக்கா.